காதுகுத்துக்குப் போன சட்டை

கால்கரியில் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று மணி நேரம் என்பார்கள். கேட்பது தூரம், வருவது நேரம். கனடாவுக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வெண்ணந்தூரில் லாரி ஓட்டுகிற வீடுகளில் தூரத்தை வழியில் நிறுத்திக் குடிக்கிற டீயில்தான் சொல்வார்கள். சேலம் அரை டீ, பெங்களூர் மூன்று டீ. கால்கரி எத்தனை டீ என்று லாரி ஓட்டும் என் தங்கை வீட்டுக்காரர் கேட்டபோது மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. லீவு கேட்டேன். "காது குத்தவா? இங்கே மாலில் ஐந்தே நிமிடத்தில் குத்திவிடுவார்களே," என்றார் மேலாளர் அம்மா. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், மடி இங்கே இருக்கிறது, அதைத்தான் கொண்டுபோகிறேன் என்று விளக்கினேன். அவர் என் மடியை ஒருமுறை கவலையோடு பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. ஒரே கோடு, ஒரே நேரம். அதை நம்பி, "ஒரு நாள் போதும், நாள் குறிச்சிரு சாமி," என்று தங்கையிடம் பெருமையடித்தேன். அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்பது டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரிந்தது. இடையில் ஓரிடத்தில் மாற வேண்டும். அப்போதும் முந்தின நாளே கிளம்பத் தோன்றவில்லை. பனி கொட்டி முதல் விமானம் தாமதமாக, அடுத்தது எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டைப்பையில் பாப்பாவின் தங்கத் தோட்டோடு கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, தங்கை கோயிலிலிருந்து வீடியோவில் வந்தாள்.

"அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க?"

"நடுவுலம்மா."

"நடுவுலன்னா?"

"எனக்கே தெரியல சாமி."

"மச்சானுக்கு இன்னும் லோடு எறங்கலையாட்ட இருக்குது," என்று தங்கைக்குப் பின்னாலிருந்து லாரிக்கார மாப்பிள்ளையின் குரல் கேட்டது. கோயிலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நல்ல நேரம் போவுதுங்ணா. பெரியம்மா மகன் மடியில உக்கார வெக்கறோம். உங்க நீலச் சட்டைய மடியில விரிச்சிருக்கறனுங்க."

"அது எங்க கெடச்சுது?"

"போன தடவை உட்டுட்டுப் போனீங்கல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு காலைலயே எடுத்து வெச்சேனுங்ணா."

எதுக்கும் இருக்கட்டும். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவள் கற்றுக்கொண்டது அதுதான். பாப்பா வீரிட்ட சத்தத்தோடு படம் நின்றுபோனது.

மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சியோடு பாப்பா என்னை முறைத்தாள். "மாமன் மடிக்கு வாங்க சாமி," என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். கட்டிலில் கிடந்த நீலச் சட்டையை இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.