குழாயடியில் ஒரு கணக்குப் புத்தகம்

அண்ணன் மதுரையிலிருந்து வாங்கி வந்த அலாரம் கடிகாரம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பச்சை நிறம், தலையில் இரண்டு மணி. அது வீட்டுக்கு வந்தது மதினிக்காக. மதினிக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் ‘அவள்’ என்றுதான் எழுத வருகிறது. கல்யாணத்துக்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள். தேறிவிட்டால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம் என்று மறுபடி எழுதக் கிளம்பினாள். ரயில்வேயில் வேலை பார்த்த அண்ணனுக்கு வீடும் ஒரு ஸ்டேஷன்தான். விடியற்காலை ஐந்து மணி முதல் படிப்பு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். “இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுரணும்” என்றும் சொல்லிவைத்தார்.

திண்டுக்கல் குழாய்க்கு அட்டவணை தெரியாது. ஒரு நாள் விடியலில் வரும், ஒரு நாள் உச்சி வெயிலில் வரும். பல நாள் அலாரம் அடித்து மதினி புத்தகத்தை விரிக்கவும், தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் குரல் கேட்கவும் சரியாக இருக்கும். ஒரு நாள் விட்ட படிப்பு மறுநாளும் விட்டுப்போகும். மாசி பிறப்பதற்குள் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, தனக்கும் படிப்புக்கும் ஒத்துவராது என்று என்னிடம் அழுதாள். எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது.

எங்கள் தெருவில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு யாராவது காவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் குடம் முன்னால் நகர்ந்துவிடும். எல்லோரும் வெறுத்த வேலை அது. அழுத மறுநாள் மதினி, எல்லோர் குடத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், தண்ணீர் வந்ததும் கூப்பிடுவதாகவும் தெருப் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் சந்தோஷமாக அடுப்பைப் பார்க்கப் போனார்கள். மதினி வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கவிழ்த்த குடத்தின் மேல் சிலேட்டைச் சாய்த்துக் கணக்குப் போட்டாள். தண்ணீர் தாமதித்தால் கூடுதலாக நாலு கணக்கு. சீக்கிரம் வந்துவிட்டால் மிச்சம் உலை கொதிக்கும்போது. அட்டவணை என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டார்.

“நேரத்தப் புடிச்சு வைக்க நம்மளால ஆகாதுங்க. குழாயடிக்கு எப்படியும் போகத்தான் போறேன். புஸ்தகமும் கூட வரட்டும்” என்றாள்.

அட்டவணையைக் கிழிக்க மட்டும் அண்ணனுக்கு மனம் வரவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று அவள் தெருமுனை தாண்டியதும் தண்ணீர் வந்துவிட்டது. கூப்பிட ஆளில்லை. மாவரைத்துக்கொண்டிருந்த நான் தாமதமாகத்தான் ஓடினேன். வரிசையில் எங்கள் குடங்களைக் காணோம். பதறிப்போய்த் திரும்பினால், தெருப் பெண்கள் அவற்றை நிரப்பி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரீட்சை முடிந்து வந்த மதினி அந்தக் குடங்களைப் பார்த்து நின்று அழுதாள். பாஸானபோதுகூட அப்படி அழவில்லை.

வத்தலக்குண்டுப் பக்கம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அங்கேயே இருக்கிறாள். என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பச்சைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அது அடிக்க அடிக்கத் தூங்கியதுதான் மிச்சம். இப்போதெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை மொட்டை மாடியில் நடக்கிறேன். மதினி தினமும் போன் செய்கிறாள். நடந்தாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“தொட்டி நெறஞ்சுச்சா?” என்றுதான் கேட்பாள்.