நாற்பது சதவீதம் கெட்ட கை

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் வலது மார்பை எடுத்தபோது, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எல்லாம் முடிந்து எங்கள் ஊரான நகரிக்குத் திரும்பியபோது உயிர் இருந்தது. வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தோளுக்கு மேல் போகாது. மத்தியானத்துக்குள் முழங்கையிலிருந்து விரல் வரை வீங்கிவிடும். வளையல்களை வெட்டித்தான் எடுத்தோம்.

நான் கூலிக்குத் தறி ஓட்டியவள். ஒரு கொட்டகையில் இரண்டு பவர்லூம் என் பொறுப்பு. தறி தானாக ஓடுகிறது, ஆளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் தறிமேல் குனிந்து, கையை எட்ட நீட்டி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடவேண்டும். வைத்தியம் முடிந்து வேலைக்குப் போன நான்காம் நாள் விரல்கள் மடங்கவே இல்லை. கொட்டகைக்காரர் நல்ல மனிதர். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இனி வராதே என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

கைப்பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறவேண்டும். தினமும் மூன்று வேளை. தையல் போட்ட இடம் பிய்ந்து வருவதுபோல் வலிக்கும். நான் விடவில்லை. என் கணவர் தறிக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை ஞாபகப்படுத்துவார். எட்டு மாதத்தில் கை தலைக்கு மேல் போனது. அந்தப் பெண் மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு, "இந்த அம்மாவைப் பாருங்க" என்று காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீக்கம் மட்டும் போகாது, அதோடு பழகிக்கொள்ளவேண்டியதுதான் என்றாள். கை உயர்ந்தது, ஆனால் வேலைக்கு உதவவில்லை.

ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எழுதிப்போடலாம் என்று யாரோ சொல்லி, எங்கள் வார்டு சச்சிவாலயத்துக்கு, அதாவது வார்டு அரசு ஆபீசுக்கு, போனோம். அங்கிருந்த பெண் பொறுமையாகவே சொன்னாள்.

"கேன்சருக்குன்னு தனியா இல்ல ஆன்ட்டி. அதனால கை காலு எவ்ளோ போச்சுன்னு டாக்டருங்க பர்சென்ட் போடுவாங்க. நாப்பது வந்தா பென்ஷன் வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்பு போனதற்குக் கணக்கில்லை. கீமோ ஊசி போட்டு வாந்தியெடுத்தே கழிந்த ஆறு மாதத்துக்குக் கணக்கில்லை. கைக்கு மட்டும்தான் கணக்கு. அவளிடம் கத்தி என்ன பயன்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சித்தூரில் பர்சென்ட் போடும் முகாமுக்குத் தேதி கிடைத்தது. விடியற்காலை பஸ்ஸில் என் கணவரோடு போய் இறங்கினால் எங்களுக்கு முன்பே நூறு பேர் இருந்தார்கள். நீளமான கூடம், சுவரோரம் பெஞ்சுகள், கோடியில் டாக்டரின் மேசை. மறைப்பு எதுவும் இல்லை. கால் இழுத்து நடந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாராம். என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தோளுக்கு மேல தூக்காதம்மா. அவுரு தூக்கச் சொல்லுவாரு. நோவுதுன்னு சொல்லி நிறுத்திக்கோ."

எனக்குப் பொய் வராது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. சில மாதம் முன்பு வரை அதுதானே உண்மை? மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இவ்வளவு தூக்கவேண்டும், இந்த இடத்தில் முகத்தைச் சுளிக்கவேண்டும்.

எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தபோது வெளியே ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது. திருமலைக்கு நடந்து போகிற கூட்டம். ஜன்னல் வழியே மஞ்சள் துணி தெரிந்தது. "ஏழுகொண்டலவாடா, வெங்கடரமணா" என்று ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் "கோவிந்தா, கோவிந்தா" என்றது. எங்கள் பக்கத்தில் அந்தக் குரல் காதில் விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை. கூடத்தில் எழுந்திருக்க முடிந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். நானும் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பி, "கோவிந்தா" என்று கத்தினேன். என்னைக் காப்பாற்றியவன் அவன் என்ற நினைப்பு எனக்கு. கையை இறக்கியபோதுதான் பார்த்தேன், மேசையிலிருந்து டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. ஃபைலைப் புரட்டினார். வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். "செய்யி எத்தம்மா" என்றார். கையைத் தூக்கச் சொல்கிறார். நான் தோள் வரை தூக்கி, ஒத்திகை பார்த்தபடி முகத்தைச் சுளித்தேன்.

"இப்பதானே மேல வரைக்கும் தூக்கினே?" என்றார் தமிழில்.

"அது சாமிக்குங்க" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "நல்லா எக்சர்சைஸ் பண்ணியிருக்கே. அப்படியே பண்ணிக்கிட்டிரு" என்று சொல்லி எழுதினார். இருபத்தெட்டு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் கேட்டார்.

"அந்தக் கைய இன்னாத்துக்கு அம்மாம் ஒசரம் தூக்கினே?"

"பின்ன, ஒத்தக் கையில எவனாவது சாமி கும்புடுவானா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் நான் பயிற்சி செய்யவில்லை. மத்தியானமும் செய்யவில்லை. காலையில் அவர் தறிக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு கணம் நின்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவர் ஞாபகப்படுத்துவதை விட்டுவிட்டார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஞாபகப்படுத்தியிருந்தால் அதைவிட ஆத்திரம் வந்திருக்கும்.

உயர்த்த எட்டு மாதம் பிடித்த கை, இறங்க மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பரண்மேல் இருந்த டப்பா எட்டவில்லை. பிறகு கொண்டை போட முடியவில்லை. அப்புறம் ரவிக்கை போட மகளைக் கூப்பிடவேண்டியதாயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் பயம் வந்தது. கூடவே, இந்தத் தடவை கிடைத்துவிடும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டாவது முகாமில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஒத்திகை தேவைப்படவில்லை. அவரே என் கையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தார். நான் அலறியதில் கூடமே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தாறு போட்டார். தற்காலிகச் சான்றிதழ், இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்து காட்டவேண்டும் என்றார்.

முதல் பென்ஷன் வந்த அன்று, காலையிலேயே வீட்டுக்கு வந்து கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? என் கணவர் கறி வாங்கி வந்தார். எல்லாரும் வயிறாரத் துன்னோம்.

போன மாதம் பரிசோதனைக்குத் திருப்பதி போனேன். புற்று திரும்பவில்லை என்றார்கள். அங்கிருந்து பயிற்சிப் பெண்ணிடம் அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தவள், கையைத் தொட்டதும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? எவ்வளவு நல்லா வந்தது! செய்யறதில்லையா?"

"சோம்பேறித்தனம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தோள் மூட்டைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. இன்னிக்கே ஆரம்பிச்சா பழையபடி கொண்டுவந்துடலாம். ஆனா இதுக்கு மேல விட்டா மூட்டு இறுகிப்போயிடும். அப்புறம் யாராலும் ஒண்ணும் செய்ய முடியாது. வாரம் ஒரு நாள் வாங்க, நான் பார்த்துக்கறேன்."

அவள் என் கையை மெல்லத் தூக்க ஆரம்பித்தாள். மறுபடி முகாமில் போய்க் காட்ட இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தது. நான் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு. வேணாம். இப்படியே இருக்கட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் ஃபைலில் இருந்த சான்றிதழ் நகலைப் பார்த்தாள். தூக்கிய கையை இறக்கி, பத்திரமாக என் மடியில் வைத்தாள்.