அண்டாக்களுக்கு நம்பர் போட்டவன்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், மதுரையில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் பாய் ஒருவருக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். அண்டா என்றால் அளவு, நம்பர், கடையில் இருக்கிறதா இல்லையா. அதற்கு மேல் ஓர் அண்டாவுக்கு என்ன வாழ்க்கை இருந்துவிடப்போகிறது? நானே பெயிண்ட் டப்பாவோடு போய் எல்லாவற்றுக்கும் நம்பர் எழுதி, வரிசைப்படி அடுக்கவும் வைத்தேன்.

முதல் முகூர்த்தத்துக்கே திருமங்கலத்தில் ஒரு சைவக் கல்யாணம். வண்டி கிளம்பும் நேரத்தில் பாய் ஏறிப் பார்த்தார். என் பட்டியல்படி ஏற்றியதில் மூன்று அண்டாக்கள் போன வாரம் பிரியாணி வெந்தவை.

"தம்பி, மேக்குச் செவுரு சைவம், கெழக்குச் செவுரு கறி. இம்புட்டு நாளா அதான் நம்ம கம்ப்யூட்டரு. அதப் போயி கலைச்சுவிட்டுட்டியே!"

"நீங்க சொல்லவே இல்லையே பாய்?"

"செவுத்தப் பாத்தா தெரியாதா? பேரு கெட்டா மறுபடி எவன் வருவான்? அடுத்த முகூர்த்தத்துலயும் தப்பாச்சுன்னா, ஒம் பொட்டியத் தூக்கிட்டுப் போயிரு."

'சைவமா, கறியா' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாள், "கரண்டிக்கு?" என்றார். அதற்கு மறுநாள், "பால் அண்டால சாம்பார்கூட வெக்க மாட்டமே." ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் பிரித்தேன், ஒன்றைச் சரிசெய்தால் இரண்டு உடைந்தது.

அப்போதுதான் ஆன்டாலஜி நினைவுக்கு வந்தது. படம் காட்டுவதற்காக என் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த சொல். அதன்படி, எது எந்த வகை, எது எதோடு போகும், எது எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் புரோகிராமுக்குள் புதைக்காமல் வெளியே தனியாக எழுதிவைக்க வேண்டும். புரோகிராம் அதைப் படித்து நடந்துகொள்ளும். பாய் சொல்லச் சொல்லக் காகிதத்தில் கோடு இழுத்தேன். கரண்டி அண்டாவோடு போகும். அண்டாவில் வெந்தது கரண்டியிலும் ஒட்டும். சாயங்காலம் காகிதம் நூலாம்படைபோல ஆகியிருந்தது.

பாய் எட்டிப் பார்த்தார். "இது நம்ம செவுருதான தம்பி? படுக்கப் போட்டுருக்க."

அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிய வகை சேர்ப்பது எப்படி என்று பாய்க்கும் காட்டிக் கொடுத்தேன். அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வெங்காயம் பூண்டு படாத பாத்திரம் வேண்டும் என்று ஒரு வீட்டார் வந்து நின்றார்கள். புரோகிராமைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்று நான் டீயைக் கீழே வைப்பதற்குள், பாய் ஒற்றை விரலால் புதிய வகை ஒன்றைத் தட்டி, பால் அண்டாவோடு கோர்த்துவிட்டார். பட்டியலில் இரண்டே அண்டாக்கள் வந்தன. எழுந்துபோய் இரண்டுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"ஏத்துங்கப்பா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொட்டி இருக்கட்டும் தம்பி. நீ போயிட்டு வா."