அக்காவின் காது

சிட்னியில், பென்டில் ஹில் அடுக்குமாடியில், என் யூனிற்றுக்கு அடுத்த யூனிற்றில் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இருக்கிறார். மன்னார் பக்கம், பேசாலைக்காரர். சாமான் களஞ்சியம் ஒன்றில் போர்க்லிஃப்ற் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல குரல். எங்கள் பக்கத்தில் எந்தக் கத்தோலிக்க வீட்டில் சாவு நடந்தாலும் கல்லறையில் கடைசிப் பாட்டு அவருடையதுதான். நான் சைவம். ஆனால் முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் இறந்தவர்களைக் கழுவி உடுப்பு மாற்றிப் பழகியவள், அதனால் செத்தவீடு என்றால் என்னையும் கூப்பிட ஆள் வரும். அவர் பாடுவார், நான் தேத்தண்ணி ஊற்றுவேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியதுதான்.

அவருடைய மனைவி அன்னமலர் பேரப்பிள்ளை பார்க்க மெல்பேர்னுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணை தனியாக இருந்து யூரியூப் பார்ப்பார். நோர்வேயில் பனிக்குள்ளால் ரயில் போவதை இயந்திரப் பெட்டியில் இருந்து பார்ப்பார். யாரோ ஒருவன் மாட்டுக் குளம்பைச் சீவிச் சுத்தம் செய்வதைப் பார்ப்பார். "இதில என்ன அண்ணை இருக்கு?" என்று கேட்டால், "மனம் ஆறுதலா இருக்கு பாமா" என்பார்.

பயணமும் பிடிக்கும். பரிஷ் கோயில் ஆட்களோடு லூர்து, சீனியர்ஸ் கிளப்போடு கோல்ட் கோஸ்ட், கப்பலில் நியூசிலாந்து. பேசாலைக்கு மட்டும் எப்போதும் "அடுத்த வருடம்" என்பார். அங்கே இருந்தவர் அவருடைய மூத்த சகோதரி, பிலோமினா அக்கா. தாய் இல்லாத அண்ணையைக் குளிக்கவார்த்து, தலை இழுத்து, பள்ளிக்கு அனுப்பியவர். கப்பலில் இருந்து வீடியோ கோல் எடுத்து அவருக்குக் கடலைக் காட்டினாராம். அக்கா சொன்னாவாம், "கடல் இஞ்சையும் கிடக்குது தம்பி. வந்து பார்." அண்ணை இதைப் பகிடியாகத்தான் எல்லோருக்கும் சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

அந்த அக்கா வீடியோ கோல் என்றாலும் போனைக் காதில்தான் வைப்பார். மகள் றொஷானி எத்தனை தரம் சொல்லியும் கேட்கமாட்டார். "காதில வைக்காட்டி எப்பிடியடி கேக்கும்?" ஆகவே பல வருடங்களாக அண்ணை பார்த்தது ஒரு காதையும், அதில் ஒரு தோட்டையும், மேலே கொஞ்சம் நரைமுடியையும்தான். தோடு பாரமாகி இழுத்ததில் காது மடல் பாதிவரை கிழிந்திருந்தது. அதைத் தைக்கச் சொல்லி அண்ணை சண்டை பிடிப்பார்.

போன மாதம் அக்கா போய்விட்டார். அண்ணைக்குச் சிறுநீரகக் கிளினிக் இருந்ததால் உடனே பறக்க முடியவில்லை. அது உண்மையான காரணம்தான். றொஷானி ஓர் ஒழுங்கு செய்தாள். செத்தவீட்டை யூரியூப்பில் நேரலையாகப் போடுவார்கள். பெட்டி கல்லறைக்கு வந்ததும் அவள் மாமாவுக்குக் கோல் எடுப்பாள். போனை மைக்கில் பிடிப்பாள். மாமா இங்கிருந்து கடைசிப் பாட்டைப் பாடவேண்டும். அக்காவும் சாகுமுன் அதைத்தான் கேட்டாவாம்.

அன்று பின்னேரம் நான் இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அவர் ஒரு பிஸ்கற்றோடு இருப்பார் என்று எனக்குத் தெரியும். குசினியில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். பெரிய ரிவியில் கோயில். பாண்ட் வாத்தியம், வெள்ளைப் பூக்கள், பெட்டிக்குள் முக்காடு இட்ட ஒரு வயதான அம்மா. அண்ணை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். "மெலிஞ்சு போனா பாமா. எண்ட அக்கா நல்லா மெலிஞ்சு போனா." கோயிலில் பூசை நடக்கிறது என்பதால் போனை ஒலி இல்லாமல் ஆக்கியிருந்தார். கோயிலுக்குள் போனால் அப்படித்தானே செய்வோம்.

பெட்டி கல்லறைக்குப் போனது. மண் போட்டார்கள். கோல் வரவில்லை. "ஏன் இவள் எடுக்கேல்லை?" என்று எழும்பிக் கண்ணாடியைப் போட்டார். ரிவியின் மேல்மூலையில், ஆரம்பத்தில் இருந்தே இருந்த பெயரை அப்போதுதான் வாசித்தார். அது பிலோமினா இல்லை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி. ஒரே வீடியோக்காரரின் சானல், ஒரே நாளில் இரண்டு செத்தவீடு. றொஷானி அனுப்பிய இணைப்பை விட்டுவிட்டு, பெரிய திரையில் பார்க்கவேண்டும் என்று ரிவியில் தேடி, முதலில் வந்ததை அழுத்தியிருக்கிறார்.

போனைத் திருப்பினார். றொஷானி விடாமல் எடுத்திருந்தாள். அங்கே அக்காவின் பெட்டியை இறக்காமல் காத்துநின்று, கடைசியில் இறக்கிவிட்டார்கள்.

அவர் உடனே எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "பிள்ளை, இன்ரநெற் கட் ஆயிட்டுது" என்றார். அவள் அழுதுகொண்டே, "பரவாயில்லை மாமா, நீங்கள் என்ன செய்யிறது" என்றாள். நான் இடியப்பத்தைச் சூடாக்கினேன். அவர் சாப்பிடவில்லை.

பொய் அதோடு நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லி றொஷானி கேட்டாள். இன்ரநெற் சதி செய்தபடியால் மாமா எவ்வளவு துடித்தார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். இதற்குள் இன்னொரு வில்லங்கம். அன்று நான் வருமுன், அழுகையோடு அழுகையாக, அந்த மற்ற வீடியோவின் கீழே, "அக்கா என்னை மன்னித்துக்கொள். உன் தம்பி ஸ்ரனிஸ்லாஸ், சிட்னி" என்று எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் பதில் போட்டிருந்தார்கள்: "எங்கட அம்மாக்குச் சகோதரமே இல்லை. நீங்கள் ஆர் ஐயா?"

நேற்று மத்தியானம் பாட்டைப் பதிய என்னைக் கூப்பிட்டார். நான் போனைப் பிடித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் நின்றார். செத்தவீடுகளில் ஒருநாளும் உடையாத குரல்.

"பாமா, நீங்கள் கெயர் வேலை செய்தனீங்கள். செத்தாப் பிறகு முகம் மாறும்தானே? றொஷானிக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"மாறும் அண்ணை. ஆனா ஆள் மாறாது."

கோபமாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். "பிழையான வீடியோவைப் போட்டது பெரிசில்லை பாமா. ஒரு மணித்தியாலம் பாத்தனான். இது எண்ட அக்கா இல்லையெண்டு எனக்குத் தெரியேல்லை."

"அதை அவளிட்டச் சொல்லுங்கோ."

"செருப்பால அடிப்பாள்."

"பேசாலையில இருந்து எறிஞ்சா இஞ்ச வந்து சேராது. எடுங்கோ."

சிரிக்கவில்லை, ஆனால் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். நான் எழும்பிப் போக வெளிக்கிட, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பிள்ளை, அண்டைக்கு இன்ரநெற் கட் ஆகேல்லை. நான் வேற செத்தவீட்டைப் பாத்து அழுதுகொண்டிருந்தனான்."

அவள் முதலில் சிரித்தேவிட்டாள். "என்ன மாமா, பகிடியே?" பிறகு கேட்டாள், "பெட்டி திறந்துதானே இருந்தது? அவையள் முகம் காட்டேல்லையே?"

"காட்டினவை."

"அப்ப அம்மாட முகம் உங்களுக்குத் தெரியேல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தெரியேல்லைப் பிள்ளை."

அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணை போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்தார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சொல்லியும் பலன் இல்லை. இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன், கூடியிருந்தது. மருந்தைக் கொடுத்தேன். தேத்தண்ணி போட்டேன். சீனி போடாதது என்று வழமையாக முறைப்பாடு சொல்பவர் முழுதையும் குடித்தார்.

கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது அவருடைய போன் சத்தம் போட்டது. றொஷானி எழுத்து ஒன்றும் எழுதவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தாள். பிலோமினா அக்கா வாசலில், பிளாஸ்ரிக் கதிரையில், நேராகப் பார்த்தபடி. அண்மையில் எடுத்தது போல இருந்தது.

அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தை அல்ல. பக்கத்துக்குத் தள்ளி, முடியை விலக்குவதுபோல விரலை நகர்த்தி, காதைத் தேடிப் பிடித்தார். கிழிந்த மடல், தோடு.

"ஓம்" என்றார். "அக்காதான்."

அதன்பிறகு மெதுவாக முகத்துக்கு வந்தார். நான் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் யூனிற்றுக்கு வந்தேன்.