லைன் வீட்டுக் குடம்

அம்மாவின் காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். காந்திபுரத்தில், ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ஒரு மையத்தில் பாடம் எடுக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னது தம்பிதான். மையத்துக்கும் அவனே சொல்லி லீவு வாங்கினான். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அழவும் இல்லை. அழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தேன், கிள்ளினாலும் தெரியாது.

அன்றைக்கு நடத்த வேண்டிய சொல் 'லைன்'. அதற்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள். மாணவர்களே அடுக்கினார்கள். போனில் கிடைக்காத லைன், கரண்டு போனால் தேடுகிற லைன்மேன், பஸ் ஸ்டாப்பில் பையன்கள் போடுகிற லைன். பவுண்டரி வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, தான் காஸ்டிங் லைனில் இருப்பதாகச் சொன்னார். இந்த ஊரில் என்ன தொழில் என்று கேட்பதைவிட எந்த லைன் என்று கேட்பவர்கள்தான் அதிகம். நான் அதன் பூர்வீகத்தைச் சொன்னேன். ஆளிவிதை சாப்பிடுகிறோமே, அந்தச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு லத்தீனில் இருந்த பெயர்தான் இப்படி ஆகிவிட்டது. லினன் சட்டையும் லைனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தானே சுவர் எழுப்புகிறார்? சொல்லிக்கொண்டே போனபோது, அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவள், லைன் வீட்டிலேயே காலம் தள்ளியவள் என்பது ஞாபகம் வந்தது. வந்தது, போயிற்று. போர்டை அழித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வீட்டைக் காலி செய்யப் போனேன். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், அத்தனைக்கும் பொதுவாக ஒரு குழாய். சாமான்களை மூட்டை கட்டிவிட்டுப் பார்த்தால் பச்சைக் குடத்தைக் காணோம். அடையாளத்துக்காகக் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பாள். எதற்கும் அசையாத எனக்கு அதில் சுர்ரென்று வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று எவளோ எடுத்துப்போய்விட்டாள். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

அன்று நல்ல தண்ணீர் விடும் நாள். அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். அவரவர் உள்ளே வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் யாருடைய குடத்தையும் யாரும் தாண்ட மாட்டார்கள். குழாயடியில் முதலாவதாகப் பச்சைக் குடம் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"கேதமான ஊட்டுக் கொடம்தான் அம்மணி முன்னால நிக்கோணும். ஆளு இல்லீன்னு லைன்ல இருந்து எடுத்துப்போட முடியுமா?"

அம்மா போனதிலிருந்து தண்ணீர் விடும்போதெல்லாம் அவர்தான் வைத்திருக்கிறார். நிறைந்ததும் கடைசி வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது குடத்துக்காரி அப்போதுதான் வெளியே வந்தாள், புதிதாகக் குடிவந்த பெண். அவளுக்கு விவரம் தெரியாது.

"ஏனுங்க, இந்தக் கொடம் யாருதுங்க?"

"எங்கம்மாதுங்க."

"அவங்க எங்கீங்க? ஒரு நாளும் பாக்கலீங்களே."

அக்கா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். நானே சொல்ல வேண்டும் என்று ஏனோ பட்டது.

"செத்துப்போயிட்டாங்க."

என் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே செய்தி வந்து சேர்ந்தது. குழாய் சீறிக்கொண்டு தண்ணீர் விட்டது. நான் குடத்தைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குடம் நிறைந்து வழிந்தது. ஒரு சொம்பு தண்ணீர் வீணானாலும் சண்டைக்கு வருகிற லைன் அது. அன்றைக்குக் குடத்தை நகர்த்து என்று யாரும் சொல்லவில்லை.