பொத்தான்களால் ஓடிய இதயம்

அந்தப் பள்ளியில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சினிமா டீச்சர் என்றால்தான் தெரியும். பெயரை வைத்தவர் தலைமை ஆசிரியரான பெரிய சார், கேலிக்குத்தான் வைத்தார். டீச்சரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் யாராவது இன்றைக்கு என்ன படம் என்று சீண்டினால், டிக்கெட் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்? எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவர், பாடம் முடிந்ததும் எல்லாரையும் எழுது எழுது என்று விரட்ட மாட்டார். எழுத வருகிறவன் எழுதட்டும். வாய் ஓயாதவன் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு வரட்டும். வாயே திறக்காதவள் கட்டம் கட்டமாகப் படம் வரையட்டும். கேள்வி ஒன்றுதான், பதில் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? ஐந்து விரலும் ஒரே அளவாகவா இருக்கிறது? பிள்ளைகள் செய்து வருவதைத் திரையில் போட்டுக் காட்டவே பழைய புரொஜெக்டர் ஒன்றைக் கைக்காசு போட்டு வாங்கியிருந்தார். அதைத் துடைக்கத் தன் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன என்று வீட்டுக்காரர் புலம்புவார். புலம்பட்டும்.

அந்த வகுப்பில் தையல்காரம்மாவின் மகள் ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் பேனாவை எடுத்தால் போச்சு, எழுத்துகள் அவள் கண் முன்னால் இடம் மாறி உட்காரும். அரையாண்டுத் தேர்வில் அவள் கொடுத்த தாள் முக்கால்வாசி வெள்ளை. எழுத்துத் தேர்வில் தவறியவர்களைக் கீழ்த்தளத்தில் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அங்கே இறங்கிய பிள்ளை திரும்பி மாடி ஏறியதாகச் சரித்திரமே இல்லை. டீச்சர் பெரிய சாரின் அறையில் போய் நின்று, அவளை இறக்க விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, இதயம் பாடத்தை அவள் படமாக எடுக்கட்டும், பெற்றோர் கூட்டத்தன்று எல்லார் முன்னாலும் போடுங்கள், ஒரு தப்பு இருந்தாலும் கீழேதான் என்றார் பெரிய சார்.

பெண் விழுந்து விழுந்து வேலை செய்தாள். அம்மாவின் வெட்டுத் துணியில் பெரிதாக ஓர் இதயம். சுத்த ரத்தத்துக்குச் சிவப்புப் பொத்தான், அசுத்த ரத்தத்துக்கு நீலப் பொத்தான். ஒவ்வொரு பொத்தானையும் நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ரத்தம் ஓடும். அம்மாவின் போனில் பின்பக்கக் கேமரா உடைந்து கிடந்ததால் முன்பக்கக் கேமராவிலேயே எடுத்தாள். எழுத்தென்றால் பயம், அதனால் படத்தில் ஓர் எழுத்துகூடப் போடவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

கூட்டத்தன்று படம் ஓடியது. நீலப் பொத்தான்கள் இதயத்துக்குள் நுழைந்து, பஞ்சில் செய்த நுரையீரலுக்குப் போய், சிவப்பாக மாறித் திரும்பி வந்தன. பெற்றோர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். படம் முடிந்ததும் பெரிய சார் பாடப்புத்தகத்தை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். புத்தகத்தில் சிவப்பு வலப்பக்கம் இருந்தது. திரையில் இடப்பக்கம்.

டீச்சர் எழுந்து திரைக்கு அருகே போனார். பத்துத் தடவை பார்த்திருக்கிறாரே! அந்த முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிப் பிடித்திருக்கிறது. ஓர் எழுத்து இருந்திருந்தால் அது இடம் வலம் திரும்பித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது கேமராவின் வேலை சார் என்று சொல்லிப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் பெரிய சார். சிலர் சிரித்தார்கள். தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் பெண்ணுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று வருடா வருடம் கேட்டுக் கேட்டு, குனிவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் பெண்ணுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, விடுவிடுவென்று திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தப்பு இல்ல சார். இது கண்ணாடியில தெரியுற என் நெஞ்சு. கண்ணாடி முன்னால நின்னா என் இடது பக்கம் இடது பக்கமாத்தான் தெரியும். புத்தகத்துல இருக்கிறது எதிர்ல நிக்கிறவங்க நெஞ்சு."

நேராக அம்மாவிடம் போனாள். எழுந்து நிற்க வைத்து, எதிரில் நின்று, அம்மாவின் நெஞ்சில் விரலை வைத்தாள். இந்தப் பக்கம் அம்மாவுக்கு இடது, எனக்கு வலது, புத்தகம் இப்படி என்றாள். நீலம் எங்கே நுழைகிறது, எந்த அறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிறது, சிவப்பாகி எங்கே திரும்புகிறது, எந்தக் கதவு திறந்தால் எது மூடும் என்று ஓர் இடத்திலும் தடுமாறாமல் விரல் ஓடியது. பெரிய சார் குறுக்கே கேட்ட கேள்விகளுக்கும் விரலை எடுக்காமலே பதில் சொன்னாள். தையல்காரம்மா நிமிர்ந்து நின்றார். மகளின் விரலுக்கடியில் அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது.

பெரிய சார் புத்தகத்தை மூடினார். விஷயம் தெரிந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எழுத வேண்டாமா என்று இழுத்தார்.

டீச்சர் அவர் முன்னால் போய் நின்று தன் பேனாவை நீட்டினார்.

"எழுத வேண்டியது நீங்கதான் சார். பாஸ்னு எழுதுங்க."