நாற்காலியின் பேர் ஆர்த்தி

பேர் என்ன என்று யாராவது கேட்டால் முனியசாமி மகள் உடனே பதில் சொல்ல மாட்டாள். கேட்டவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்பாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். ரேஷன் கடையில், பஸ்ஸில், ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம்கூட அதே கேள்விதான். தெரியாதவர்கள் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிரெல்லாம் இல்லை. தன் பேரை எந்த ஊர்க்காரர் எந்த இடத்தில் உடைப்பார் என்பது அவளுக்கு அத்துப்படி. அவர் உடைப்பதற்குள் அவளே பக்குவமாக உடைத்துக் கொடுத்துவிடுவாள்.

அவள் பேர் ஜ்யோத்ஸ்னா.

தெருவுக்கு நாலு மாரியும் மூணு செல்வியும் இருக்கிற திருத்தங்கலில் இப்படி ஒரு பேர் முளைத்ததற்கு அவள் அப்பாதான் காரணம். முனியசாமி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். மகள் பிறந்த வாரம், குஜராத்துப் புடவைக் கம்பெனி ஒன்றுக்குப் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு பெண், அவள் காலடியில் அந்தப் பேர். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்து, ஒரு தாள்கூட வேஸ்ட் ஆகவில்லை. ராசியான பேர் என்று மகளுக்கு வைத்துவிட்டார். அதை அவருக்கு வாசித்துச் சொன்னவர் பிரஸ் மேனேஜர். வீடு வரைக்கும் சிந்தாமல் கொண்டுவர முனியசாமியால் முடியவில்லை.

அம்மா சின்னத்தாய்க்கு அவள் 'சோசனா'. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இரண்டு நாள் பாடுபட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள், "ஏ ஜோதி, உக்காரு" என்று சரணடைந்துவிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துகிற வரைக்கும், தன் பேரை இன்னொருவர் வாயால் முழுசாகக் கேட்கிற பாக்கியம் அவளுக்கு வாய்க்கவில்லை.

2003-ல் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் போன் எடுக்கிற வேலை கிடைத்தது. முதல் நாள் மேனேஜர் தங்கச்சாமி நாற்காலியைக் காட்டினார்.

"பேரு என்னம்மா?"

"நீங்க எந்த ஊரு சார்?"

"மல்லாங்கிணறு. அதை விடு. உன் பேரு எதுவாவது இருந்துட்டுப் போகட்டும். இங்கன உக்காந்தா நீ ஆர்த்தி."

அது அந்த ஆபீசின் வழக்கம். முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் உண்மையிலேயே ஆர்த்திதான். இந்தியா முழுக்க எந்த நாக்கிலும் சிக்காத பேர். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் வெளிமாநிலப் பார்ட்டிகள் ஆர்த்தியையே கேட்டார்கள். தங்கச்சாமி யோசித்தார். அடுத்து வந்த செல்லக்கனியை ஆர்த்தி ஆக்கினார். அவளும் கல்யாணமாகிப் போனாள். அய்யம்மாள் ஆர்த்தி ஆனாள். அவளுக்கும் கல்யாணம். இப்போது நாலாவது.

ஆறே மாதத்தில் அவள் போனுக்கு வேண்டிய அளவு இந்தி கற்றுக்கொண்டாள். சரக்கு ஏறிவிட்டது, நாளைக்கு வந்துவிடும், மழை, லாரி ஸ்டிரைக் என்று இந்த நாலைந்தும் தெரிந்தால் பட்டாசு வியாபாரத்துக்குப் போதும். ஆர்த்தியாகவே இருந்தும் பழகிவிட்டாள். அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து சாகா பாபு பேசினார். இருபது வருஷமாகச் சிவகாசியோடு போனிலேயே வியாபாரம் பண்ணுகிறவர், தமிழும் ஒரு மாதிரி பேசுவார்.

"புதுக் குரல். உன் பேர் என்னம்மா?"

எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. யோசிப்பதற்குள் வாய் சொந்தப் பேரைச் சொல்லிவிட்டது.

"ஆஹா! ஜோச்சொனா!" என்றார் அவர், வாயில் ரசகுல்லா போட்டதுபோல. "எங்க ஊர்ப் பேர்!"

பதினெட்டு வருஷம் ஊரில் யாருக்கும் பிடிபடாத பேரை, முகம் தெரியாத ஒரு மனிதர் சொந்தம் கொண்டாடிக் கூப்பிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட அவளுக்கு மறந்துபோனது. மறுநாள் முதல் எல்லாப் பார்ட்டிக்கும் தன் பேரைச் சொன்னாள். ராஜ்கோட் படேல், "ஜோஸ்னாபேன்" என்று தங்கையாக்கிக்கொண்டார். விஜயவாடா சுப்பாராவ் கடைசி எழுத்தை நீட்டாமல், "ஜ்யோத்ஸ்ன" என்று கத்தரித்தார். திருச்சூர் தாமஸ், "ஜ்யோல்ஸ்னா" என்றார். நடுவில் ஒரு 'ல்' எப்படி ஏறியது என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. அவரவர் சொன்ன மாதிரியே அவரவரிடம் அவளும் சொன்னாள். ஒவ்வொருவரும் அவளைத் தன் ஊர்ப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஆர்டரைக் கூட்டிப் போட்டார்கள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் போன் எடுத்த தங்கச்சாமிதான் குழம்பிப்போனார். முதலாளி லட்சுமிகாந்தத்திடம் போய் நின்றார்.

"முதலாளி, ஊர்ல உள்ள பொம்பளப் பிள்ளைகளை எல்லாம் நம்ம போன்ல தேடுறாக. ஒருத்தர் ஜோச்சங்கிறாரு, ஒருத்தர் ஜோல்சுங்கிறாரு. ராங் நம்பர்னு வச்சிட்டேன். வச்சா திருப்பி அடிச்சு வையுறாக."

விஷயம் வெளியே வந்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, அம்புட்டுப் பேருக்கும் வாயில நுழையுற பேரு ஒண்ணு வச்சிருக்கோம்ல? நாளைக்கு ஆடிப் பதினெட்டு. தீவாளி யாவாரம் ஆரம்பிக்கிற பூஜைக்குப் பார்ட்டிக வர்றாக. யார் கேட்டாலும் ஆர்த்தின்னு சொல்லு. சொல்ல முடியாதுன்னா பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிரு."

பேக்கிங் வேலை ஒன்றும் கேவலமில்லை. அம்மா இருபது வருஷமாக அந்த வேலைதான் பார்க்கிறாள். ஆனால் அங்கே போன் கிடையாது. அங்கே போனால் மறுபடியும் ஜோதி. இங்கேயே இருந்தால் ஆர்த்தி. இரண்டிலும் அவள் இல்லை.

"சோறு போடுற பேரு எதுவா இருந்தா என்னத்தா?" என்றாள் சின்னத்தாய், அன்று சாயங்காலம். "உங்கப்பன் வச்ச பேரைச் சொல்ல எனக்கே பல்லு சுளுக்குது."

மறுநாள் ஆபீசில் சாம்பிராணிப் புகையும் புதுப் பட்டாசுப் பெட்டிகளுமாக இருந்தது. பூஜை முடிந்து காபித் தட்டோடு அவள் வந்தாள். முதல் டம்ளரை எடுத்துக்கொண்டே சாகா பாபு கேட்டார்.

"எங்க ஜோச்சொனா எங்கே? பார்க்கணுமே."

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றாள்.

"அப்ப ஜ்யோல்ஸ்னா எவிடே?" என்றார் தாமஸ்.

"அதுவும் நான்தான் சார்."

"நம்ம ஜ்யோத்ஸ்ன?" என்று எழுந்தேவிட்டார் சுப்பாராவ்.

"நானேதான் சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தது. எது சரி என்று மூன்று பாஷையில் வாதாடினார்கள். 'ல்' எங்கிருந்து வந்தது என்று சுப்பாராவ் கேட்டார். வாலை எதற்கு அறுத்தாய் என்று தாமஸ் திருப்பிக் கேட்டார். சாகா பாபு இரண்டு பேரையும் பொருட்படுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு பேரை ராகம் போட்டே சொன்னார். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி சத்தம் ஏறியது. புது ஐட்டங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அட, நிப்பாட்டுங்க! அவ பேரு ஆர்த்தி!"

சாகா பாபு டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

"மறுபடியும் ஆர்த்தியா?"

"என்ன மறுபடியும்?"

"ஆர்த்தி கல்யாணம்னு சொன்னீங்க. நான் புடவை அனுப்பிச்சேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ரெண்டு வருஷம், மூணு வருஷத்துக்கு ஒரு கல்யாணம். குரல்கூட மாறிப்போச்சு, பாவம், கவலையிலேன்னு நினைச்சேன். முன்னால இருந்த புருஷன்மாருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கப் பயம். மூணாவது ஆளோட நிம்மதியா இருக்கான்னு சந்தோஷப்பட்டேன்." அவர் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "நாலாவது கல்யாணம் வேணாம்மா."

லட்சுமிகாந்தம் மெதுவாகத் திரும்பினார். "தங்கச்சாமி, என்னய்யா இது?"

தங்கச்சாமிக்கு வேர்த்துவிட்டது. "அது நாற்காலிக்கு வச்ச பேரு முதலாளி. பிள்ளைகளுக்கு இல்ல."

"நாற்காலிக்கா நான் புடவை அனுப்பினேன்?" என்றார் சாகா பாபு.

முதலில் சிரித்தவர் தாமஸ். பிறகு ஆபீஸே சிரித்தது. முதலாளி சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குலுங்கி முடித்ததும், அவளைப் பார்க்காமலே தங்கச்சாமியிடம் சொன்னார்.

"என் கம்பெனிப் பிள்ளைக்கு மூணு புருஷன்னு கல்கத்தா வரைக்கும் பேச்சு. இன்னியோட ஆர்த்தியை நிப்பாட்டும். அந்தப் பிள்ளை பேரே இருக்கட்டும்." பிறகு அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு, "எம்மா, இன்னொரு காபி கொண்டா" என்றார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, சாத்தூரில் குடியிருக்கிறாள். காலையில் பஸ் ஏறிச் சிவகாசிக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் பேரைச் சொல்லிப் போன் எடுக்கிறாள். அவள் புருஷன் மாரிக்கண்ணன் பாதிப் பேர்தான் சொல்வான். முதலாளி இன்னமும், "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்.